கூலிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு நாடகத்தைத் தொடங்குங்கள்

நாட்டை விட்டு வந்த கலைஞர்களை அமைதியான ஓர் இடத்தில் உட்காரவைத்தால் நாடகம் தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மரநிழல், வாய்க்கால் கரை, மூன்று வேளைச் சாப்பாடு, எழுத ஒரு மேசை. இதற்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மாதம் சம்பாதிக்காமல் இருக்கக்கூடியவர்களை மனதில் வைத்து யாரோ வகுத்தது அது. எங்கள் குழுவில் ஒருவர் பெயிண்ட் அடிக்கப் போகாத வாரம், சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் பணம் வராது. அந்தக் கணக்கைப் பேசாமல் அவரிடம் கற்பனையைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

நான் 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். மண்டபம் அகதி முகாமில் சில காலம், பிறகு பவானிசாகர் முகாம். முகாமில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவேன். சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் இடையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் நெடுநாள் பழக்கம். அவர்களுடைய சாளை, அதாவது தோட்டத்து வீடு, பிள்ளைகள் வெளிநாடு போனபின் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அங்கே தங்கி ஒரு நாடகம் எழுதலாம் என்று முடிவானது.

எழுதியவர்கள் நான்கு பேர். நான் ஒருத்தி. மட்டக்களப்பில் வடமோடி என்னும் கூத்து வகையை ஆடி வளர்ந்து, எண்பதுகளில் தப்பியோடி, இப்போது சுவிட்சர்லாந்துக் குடிமகனாக இருக்கும் அண்ணன் ஒருவர். எங்கள் முகாமிலேயே இருக்கும் பெயிண்டர் தம்பி. முகாமில் பிறந்து, பட்டம் படித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கும் ஒரு பெண்பிள்ளை.

முதலில் காகித வேலை. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாடகம் நடுவில் நிற்கும். முகாமில் பதிவுள்ளவர் வெளியே இரவு தங்குவதென்றால் வருவாய் ஆய்வாளரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். காவல் துறையின் கியூ பிரிவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாளில் ஆள் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல். 2021இல் அரசு அந்தத் தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. அதே ஆண்டு முகாம்களின் பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. தொகை சிறிதுதான், ஆனால் பதிவேட்டில் பெயர் விடுபட்டால் பிறகு ஏறி இறங்க வேண்டிய படிகள் அதிகம். ஆகவே தொடர்ந்து ஒரு மாதம் என்ற எண்ணத்தையே விட்டோம். வியாழன் இரவு கூடி ஞாயிறு மாலை கலைவது, கணக்கெடுப்பு வரும் வாரத்தில் கூடுவதே இல்லை என்று தை, மாசி இரண்டு மாதங்களிலும் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டோம். துண்டானதால் நாடகத்துக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை அவரவர் வேலையில் கேட்ட பேச்சு வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்தது.

சுவிஸ் அண்ணனுக்கு வேறு வகைக் காகிதம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை வீட்டில் தங்கவைத்தால், வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். தோட்டத்து அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “ஏனுங்க அம்மிணி, சொந்தக்காரர் போல வந்து தங்குகிறவருக்கு எதற்குங்க போலீஸ் காகிதம்?” என்றார். பதிந்துவிட்டோம். சுற்றுலா விசாவில் வந்தவருக்குச் சம்பளம், சன்மானம் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். வெளிநாட்டு நண்பர்கள் சிலர் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு செய்யாத குழு அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. செலவெல்லாம் ஈரோட்டிலும் கோவையிலும் உள்ள நண்பர்கள் போட்ட உள்ளூர்ப் பணம்.

அதில் முதலில் ஒதுக்கியது கூலி. தம்பிக்கு வெள்ளியும் சனியும் போகும் நாள் கூலி, பெண்பிள்ளை சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்தத் தொகை. பிறகு பஸ் செலவு, அரிசி பருப்பு. மிச்சத்தில் நோட்டும் நகலும். இப்படி ஏதாவது நடத்த நினைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம். பேனர் அடித்த பிறகு கூலிக்குப் பணமில்லை என்று கைவிரித்த நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒத்திகைக்குக் களம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனது மஞ்சள் வெட்டும் காலம். வேகவைத்த மஞ்சள் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது, கால் வைக்க இடமில்லை. மஞ்சள் காய்வதற்கு இரண்டு வாரம் போலப் பிடிக்கும், காய்ந்ததை மெருகு போட வேண்டும், அதுவரை களம் விவசாயிக்குச் சொந்தம், கலைக்கு அல்ல. கீழ்பவானி வாய்க்கால் மேட்டுக்குப் போனோம். பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலின் கரை, நடந்துகொண்டே வசனம் பேச வாகான இடம். ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கரும்புக்கு யானை இறங்கும் பக்கம் அது. அண்ணன் யானையைப் பார்க்க வேண்டும் என்று சிறுபிள்ளைபோல அடம்பிடித்தார். காவல் இருந்தவர் ஒரே அதட்டில் அவரைத் திருப்பி அனுப்பினார். களத்தோரம் நடந்து நடந்து எங்கள் எல்லோருக்கும் உள்ளங்கால் மஞ்சளாகிவிட்டது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழுவியும் போகவில்லை என்று அண்ணன் பிறகு போனில் சொன்னார்.

எதைப் பற்றி எழுதுவது என்பதில்தான் பெரிய இழுபறி. அண்ணனுக்குப் போரை எழுத வேண்டும், அதுவும் கூத்தில், மத்தளத்தோடு, வரவுத் தாளத்தோடு. ஐரோப்பாவில் எங்கள் நாடகம் என்றாலே பார்ப்பவர்கள் எதிர்பார்ப்பது அதுதான் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பெண்பிள்ளை எடுத்த எடுப்பில் மறுத்தாள். “மாமா, நான் பிறந்தது சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில். நான் எந்த நாட்டை விட்டு வந்தேன்?” என்றாள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அவளுக்கு இருவரும் அகதிகள். போகாத நாட்டின் பிரஜை என்று அவளை எழுதிவைத்திருக்கிறார்கள். அவளிடம் போய் இழந்த ஊரைப் பற்றி உருகச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

அண்ணனும் மட்டமான வாதம் பேசுகிறவர் அல்ல. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டை எடுத்தார். 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடி டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, அமெரிக்கா என்று அலைந்த காலத்தில்தான் அவருடைய பெரிய நாடகங்கள் வந்தன. அவற்றில் ஒன்று 17ஆம் நூற்றாண்டுப் போரில் வண்டி இழுத்து வியாபாரம் செய்யும் ஒரு தாயைப் பற்றியது, இன்னொன்று ஓர் இத்தாலிய விஞ்ஞானியைப் பற்றியது. “அப்படியென்றால் நாமும் நம்மை எழுத வேண்டியதில்லையே அண்ணா” என்றேன். அவர் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் எனக்குப் பயன்பட்டது அதுதான்.

அந்த வாரத்தில் ஒரு விதி வைத்தோம். யாரும் தன் சொந்தக் கதையை மேசையில் சொல்லக் கூடாது, அடுத்தவருக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் பெயர் சொல்லாமல். யாராவது கை தூக்கினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தி எழுந்து நடக்கப் போய்விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. போரையும் சிறையையும் பார்த்தவர்களோடு நாடகம் செய்கிறவர்கள் இந்த விதியை முதல் நாளே வைத்துக்கொள்வது நல்லது. காயத்தைக் கிளறி அதில் வசனம் எடுக்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். மேடையில் அது பலமாகத் தெரியும், நடித்தவர் பிறகு பல இரவுகள் தூங்கமாட்டார். எங்கள் விதி ஒருமுறை தேவைப்பட்டது. யாருக்கு, எதற்கு என்பது இங்கே வேண்டாம்.

முடிச்சு அவிழ்ந்தது உடுக்கைச் சத்தத்தில். தோட்டத்து ஐயாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுவார். ஒரு வெள்ளி இரவு சாளைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அண்ணன்மார் பொன்னரும் சங்கரும், தங்கை தங்காள், வீரமலை, பகைவன் தலையூர்க் காளி, அண்ணன்மார் விழும் படுகளம். கொங்கு நாட்டில் இது வெறும் கதை அல்ல, கோயில் காரியம். படுகளத்தில் ஆட்கள் செத்தவர்களாக விழுவார்கள், தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். பெரியவர் அந்த இடத்துக்கு வந்தபோது பெயிண்டர் தம்பி கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார். மெட்டு கொஞ்சம் வேறு, வரிகள் கொஞ்சம் வேறு, கதை அதே கதை. பெரியவர் உடுக்கையை நிறுத்திவிட்டு, “தம்பிக்கு எந்த ஊருங்க?” என்றார்.

தம்பியின் பூட்டன் ராசிபுரம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். போனவர்கள் சட்டிபானையோடு பொன்னர் சங்கரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இலங்கை மலையகத்தில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஆடப்பட்டு வந்திருக்கிறது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1977 கலவரத்தில் தம்பியின் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு இறங்கியது. 1990இல் அங்கிருந்து படகு. இப்போது பூட்டன் பிறந்த ஊரிலிருந்து சில மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறார், இலங்கை நாட்டவர் என்ற அட்டையோடு. நானும் அவரும் ஒரே முகாமில் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறோம். அவர் தகப்பன் தோட்டத்தில் சங்கர் வேஷம் கட்டியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முகாமிலும் வடக்கிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று மெல்லிய கோடு ஒன்று உண்டு. நாடகக்காரர்களும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று பழகிவிட்டோம்.

மறுநாள் படுகளத்தை நாடகத்தில் வைக்கலாமா என்று பேச்சு. அண்ணனுக்கு ஆசை. விழுந்து கிடக்கும் உடல்கள், தண்ணீரோடு வரும் ஒரு பெண், மத்தளமும் உடுக்கையும் சேர்ந்து ஒலிப்பது, இதைவிட மேடைக்கு என்ன வேண்டும்? நான் வேண்டாம் என்றேன். நேர்த்திக்கடனாக மக்கள் செய்யும் ஒரு காரியத்தை எங்கள் துக்கத்துக்கு அலங்காரமாக எடுப்பது சரியில்லை. அந்தப் பெரியவரைத் திண்ணைக்கு அழைத்து உட்காரவைத்துப் பாடச் சொல்லி, அதைத் திருடுவது அதைவிடச் சரியில்லை. பெரியவரிடமே கேட்டோம். கதையை யாரும் எடுக்கலாம், விழுந்து எழுவதை மட்டும் சாமி முன்னால்தான் செய்ய வேண்டும் என்றார். வேலை சுலபமாயிற்று. தம்பிதான் வழி சொன்னார்: “எழுப்புவதற்குத் தங்காள் வேண்டும். நம் கதையில் தங்காளும் படகேறி இங்கே வந்துவிட்டாள்.”

எங்கள் நாடகம் அதுதான். அண்ணன்மார் அங்கே விழுந்து கிடக்கிறார்கள். தங்காள் தீர்த்தச் சொம்போடு கொங்கு நாட்டு முகாம் ஒன்றில் கணக்கெடுப்பு வரிசையில் நிற்கிறாள். அவள் புருஷன் ஊரார் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போகிறான்.

வரிசைக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினோம். அண்ணன் எழுதிய முதல் வடிவத்தில் எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நிற்க, ஆய்வாளர் பெயர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் ஒரு கவிதை வரி சொல்லி நகர்ந்தார்கள். பெண்பிள்ளை படித்துவிட்டு, “மாமா, நீங்கள் ஒருநாளும் இந்த வரிசையில் நின்றதில்லை” என்றாள். வரிசையில் யாரும் மௌனமாக நிற்பதில்லையாம். சிலிண்டர் வந்ததா, மகனுக்குப் பஸ் பாஸ் கிடைத்ததா, மேஸ்திரி பாக்கிக் காசு கொடுத்தானா, இதுதான் பேச்சு. ஆய்வாளரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அவருக்கும் மேசையை விட்டு எழுந்து சாப்பிடப் போக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் நின்ற வடிவம் இது:

ஆய்வாளர்: (ஏட்டைப் பார்த்து) சங்கர்.

(யாரும் பேசவில்லை.)

ஆய்வாளர்: சங்கர் யாரம்மா?

தங்காள்: என் அண்ணன், சார். வந்துவிடுவார்.

ஆய்வாளர்: போன மாதமும் இதையே சொன்னாய்.

பின்னால் நிற்பவள்: வரும்போது அவர் கையெழுத்தை அவரே போடட்டும். நீ நகரடி, எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது.

சிரிப்பு வரும் இடமும் நெஞ்சு அடைக்கும் இடமும் ஒரே வரியில் விழுந்தன. அண்ணன் தன் தாளைக் கிழித்துப் போட்டார். கிழித்தவர் கூத்தை விடவில்லை. தங்காள் வரிசையில் அடி எடுத்து வைக்கும்போது மட்டும் வடமோடித் தாளம் மெதுவாகக் கேட்க வேண்டும் என்றார், அது நாடகத்தில் இருக்கிறது. ஓர் அடிதான், ஆட்டம் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் கலையை மூட்டையாகக் கொண்டுவருவதில்லை, இப்படித்தான் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அன்று எனக்குத் தோன்றியது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. முதலில் எல்லாப் பேச்சையும் போனில் பதிவு செய்தோம். அதைக் கேட்டுக் கேட்டு எழுதுவது பேசியதைப்போலப் பல மடங்கு நேரம் தின்றது. பிறகு பதிவை விட்டுவிட்டு, ஒருவர் எழுத மற்றவர்கள் பேசுவது என்று மாற்றினோம். எழுதுகிறவர் பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது. அவரவர் பாத்திரம் அவரவர் பேச்சிலேயே பேசட்டும், பார்ப்பவருக்குப் புரியுமா என்ற கவலை வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். கொங்குக்காரருக்கு எங்கள் பேச்சு புரிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வாசிப்பை நாடகக்காரர்களுக்கு வைக்காமல் மஞ்சள் வேலைக்கு வந்த பெண்களுக்கு வைத்தோம். வேலை முடிந்து கை கால் கழுவி, சாளை முற்றத்தில் உட்கார்ந்தார்கள். தோட்டத்து அம்மா அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கியிருந்தார். போரைப் பற்றிய இடங்களில் உச்சுக் கொட்டினார்கள், வரிசைக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தார்கள். முடிந்ததும் ஒருவர் கேட்டார்: “அந்தப் பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கடைசியில் கூலி கொடுத்தார்களா இல்லையா?” நாடகத்தில் ஒரு வீட்டுக்காரர் தம்பியின் பாத்திரத்துக்குக் கூலியை இழுத்தடிப்பார். அது போகிற போக்கில் வரும் ஓர் இடம், நாங்கள் அதை முடிக்காமலே விட்டிருந்தோம். அந்தப் பெண்களுக்கு நாடகமே அங்கேதான் இருந்தது. ஏன் கேட்கவில்லை, மேஸ்திரி என்ன சொன்னான், முகாம்காரன் என்பதால் ஏமாற்றினானா, எங்களையும் அப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று முற்றம் முழுக்கப் பேச்சு. கடைசிக் காட்சியை அதன்பிறகுதான் எழுதினோம். தங்காள் சொம்போடு அந்த வீட்டுக்காரரின் வாசலில் போய் நிற்கிறாள், கூலி வாங்காமல் நகர்வதில்லை. கூலி கைக்கு வருகிறதா என்பதை நாடகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையேற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழியில் தமிழ்நாட்டில் 1954இல் ஒரு சட்டம் வந்தது, பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதனால் நிலைத்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தாலும் ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது. நாங்கள் ஒலிபெருக்கியே வைக்கவில்லை. மஞ்சள் மூட்டைகள் மண்டிக்குப் போனபின் களம் காலியானது, அங்கேயே மாலை வெளிச்சத்தில் போட்டோம். பிறகு முகாமில். முகாமில் சிரிப்பு குறைவு, நடுவில் எழுந்துபோனவர்களும் உண்டு. வரிசையில் தினம் நிற்கிறோம், அதை நாற்காலி போட்டு வேறு பார்க்க வேண்டுமா என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சியை முகாமுக்கு என்று தனியாகக் குறைத்து வைத்திருக்கிறோம்.

அண்ணன் புறப்படுவதற்கு முன் உரிமையை எழுத்தில் போட்டுக்கொண்டோம். இதைச் செய்யாமல் பிரிகிற குழுக்களில் இரண்டு வருடத்தில் சண்டை வருகிறது, அதுவும் வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் கட்டாயம் வருகிறது. ஆசிரியர் என்று நான்கு பெயரும் அகர வரிசையில். எந்த முகாமும் கேட்காமலே போடலாம், பணம் வேண்டாம். டிக்கெட் விற்று நடத்தினால் வரும் உரிமைத்தொகையை எப்படிப் பிரிப்பது, உடுக்கடித்த பெரியவருக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கிறது. ஐரோப்பாவில் அண்ணன் கூத்துப் பகுதியை நீட்டிக்கொள்ளலாம், வரிசைக் காட்சியின் வசனத்தை மட்டும் மாற்றக் கூடாது. ‘அகதிகள் எழுதிய நாடகம்’ என்று நோட்டீஸில் எங்கும் போடக் கூடாது என்ற வரியைச் சேர்த்தவள் பெண்பிள்ளை. அப்படிப் போட்டால்தான் அங்கே மண்டபம் கிடைக்கும் என்று அண்ணன் வாதாடிப் பார்த்தார். கிடைக்காவிட்டால் வேண்டாம் என்றாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.